கந்தப்பன் கட்டிய பூப்பொட்டலம்

எருத்தேன்பதியில் கந்தப்பனைப் போல முடிவெடுக்கிற ஆம்பளை கிடையாது. காலையில் ஒரு முடிவு எடுப்பார். மத்தியானம் பழனாத்தாள் அதை மாற்றுவாள். சாயங்காலம் மாற்றிய முடிவைத் தன்னுடைய முடிவு என்று சாயாக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஏற்பாட்டில் கல்யாணமான நாளிலிருந்து குடும்பம் நல்லபடியாகத்தான் நடந்து வந்தது.

ஆனால் அந்த வாரம் எடுத்த முடிவு அசைக்க முடியாத முடிவு. ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா பந்தயம். பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணனின் காளைகள் ஓடுகின்றன. "இந்த வருசம் வண்டியில நீ ஏறு மாப்ள" என்று குப்பண்ணன் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். கந்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மீசை வைத்த நாளிலிருந்து அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். சாயாக்கடையில் சொன்னார். வேலந்தாவளம் சந்தைக்குப் போய் மாட்டுத் தரகர்களிடம் சொன்னார். சித்தூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மலையாளத்துக்காரரிடம்கூடச் சொன்னார். சனிக்கிழமை காலையில் காளைகளோடு புறப்பட்டால் ஞாயிறு இருட்டித்தான் திரும்ப முடியும். ஊரெல்லாம் சொல்லியாயிற்று. ஊட்டில் மட்டும்தான் பாக்கி.

வெள்ளிக்கிழமை காலை அதையும் தைரியமாக ஆரம்பித்தார்.

"ஏம்புள்ள, நாளைக்கு நானு சித்தெ வெளிய போவோணும்."

"போலாமுங்க. புள்ளைங்க பாவாடையெல்லாம் தொவைச்சு வெச்சாச்சு."

"பாவாடை எதுக்கு?"

"மலம்புழாவுக்குப் பாவாடை கட்டாமயாங்க போறது?"

கந்தப்பனுக்குத் திக்கென்றது. மலம்புழா! மாரியாத்தா நோம்பியன்று பாயசம் குடித்த மயக்கத்தில், இந்தச் சனிக்கிழமை கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முந்தின நோம்பிகளுக்கும் கொடுத்திருந்தார். ஒரு தடவை கடலைக்காய் பறிப்பு வந்தது. ஒரு தடவை மாடு கன்று போட்டது. ஒரு தடவை ஒன்றுமே வராமல் போக, அவரே கால் வலியை வரவழைத்துக்கொண்டார். பெரியவள் மருதாத்தாளும் சின்னவள் செல்லாத்தாளும் அணைக்கட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி.

"புள்ள, ஞாயித்துக்கிழமை பந்தயம்."

"பந்தயத்துல மாடுதானுங்க ஓடுது? நீங்க எதுக்கு?"

"வண்டியில நிக்கறது ஆரு? நானு!"

"நீங்க கட்டல்ல நின்னு ஒட்டடை அடிச்சாலே கீழ உழுவறீங்க."

"அது கட்டலு புள்ள. நிக்கறப்பவே ஆடுது. வண்டி ஓடறப்பத்தான் ஆடும்."

"குப்பண்ணண்ணனுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா? புள்ளைங்க மூஞ்சியைப் பாத்து 'இல்லை'ன்னு நீங்களே சொல்லிருங்க. நானு சொல்ல மாட்டேன்."

கந்தப்பன் பிள்ளைகளின் மூஞ்சியைப் பார்த்தார். ரெண்டும் அப்போதே தலைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றன. அவர் சட்டென்று கூரையைப் பார்த்தார். அங்கேதான் அந்த யோசனை கிடைத்தது.

"வேண்டாம் புள்ள. நீயும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். ஆத்தாகிட்டப் பூக்கேட்டுருவோம்."

அந்தப் பக்கத்தில் பெண் கொடுப்பதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் மாரியாத்தாளிடம் பூக்கேட்காமல் ஒன்றும் நடக்காது. ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் செவப்புப்பூ. ஆத்தா முன்னால் வைத்துக் காரியத்தைச் சொல்லிக் கேட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். செவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். அதற்குமேல் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது.

"நம்ம கண்ணாலமே அப்பிடித்தானே நடந்துச்சு!" கந்தப்பனுக்கு இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலே நெஞ்சு நிமிர்ந்துவிடும். "உங்கப்பன் என்னையப் புடிக்காம மொகத்தைத் திருப்பிக்கிட்டு நின்னாரு. பொட்டலம்கூட உங்கூட்டுல இருந்துதான் வந்துச்சு. ஆனா ஆத்தா? மொத எடுப்புலயே வெள்ளைப்பூ! உங்கப்பன் வாயே தொறக்கல. ஆத்தா எப்பவும் என்ற பக்கம் புள்ள."

"அதென்னமோ நெசந்தானுங்க" என்று பழனாத்தாள் குனிந்து அடுப்பை ஊதினாள். "பூவையே கேட்டுருவோம்."

சம்மதித்துவிட்டாள்! கந்தப்பனுக்கு உள்ளுக்குள் கொட்டு முழங்கியது. "பூசை பண்ற சோலைப் பண்டாரத்துக்கு வயசாச்சு, கண்ணு மங்கல். பொட்டலம் நானே கட்டியாந்தர்றேன்" என்று பெரிய மனசோடு பொறுப்பை ஏற்றுக்கொண்டார். கிணற்றடிக்குப் போனார். நந்தியாவட்டைச் செடியில் ஒரு பூப் பறித்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு இன்னொன்றும் பறித்தார். மாட்டுச்சாளை ஓரத்துச் செவ்வரளிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ரெண்டு வாழையிலைத் துண்டில் ரெண்டு வெள்ளைப்பூவையும் வைத்து அவசர அவசரமாக நாரில் கட்டினார். மனசு லேசாக உறுத்தியது. 'ஆத்தா, நீ எப்பிடியும் எனக்கு வெள்ளைதான் குடுக்கப்போறே. உனக்கு வேலை கொறையட்டுமேன்னுதான்' என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். சோலைப் பண்டாரம் பொட்டலங்களைத் தட்டில் வாங்கி ஆத்தாளின் காலடியில் வைத்தார். ஒன்று சரிந்து கிடந்தது. பழனாத்தாள் குனிந்து அதைச் சரியாக வைத்தாள். வைத்துவிட்டு ஒரு கணம் ரெண்டையும் உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. பக்தி என்று கந்தப்பன் நினைத்துக்கொண்டார்.

அவர் தொண்டையைக் கனைத்து, கையைக் கூப்பி, "ஆத்தா, பந்தயத்துக்கு..." என்று வாயெடுக்கப் போகும்போது, பக்கத்திலிருந்து கோயிலே அதிர ஒரு குரல் கிளம்பியது.

"மாரியாத்தா! தாயே! நாளைக்கு நாங்க நாலு பேரும் ஒட்டுக்கா மலம்புழா போறதுன்னா வெள்ளைப்பூவைக் குடு தாயே!"

கந்தப்பன் பதறித் திரும்பினார். "ஏய், ஏய்! நான்ல கேக்கோணும்!"

"கேட்டாச்சுங்க தம்பி" என்றார் பண்டாரம். "ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான். அம்முணி கேட்டா என்ன, நீங்க கேட்டா என்ன? வர்றதுதானே வரும்?"

வர்றதுதான் வரும் என்பது கந்தப்பனுக்குத் தெரியாதா? அந்தக் கோயிலில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஆத்தாளின் பதில் அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. ரெண்டும் வெள்ளை என்று சொல்லவும் முடியாது. சொன்னால் ஆத்தாளையே ஏமாற்ற வந்தவன் என்று ஊரே சேர்ந்து உரித்துவிடும். சின்னவள் செல்லாத்தாள் இந்தப் பொட்டலத்தைத் தொட்டாள், அந்தப் பொட்டலத்தைத் தொட்டாள், கடைசியில் ஒன்றை எடுத்தாள்.

"வெள்ளைப்பூ!" என்றார் பண்டாரம். கூட்டம் குலவையிட்டது. அவர் அடுத்த பொட்டலத்துக்குக் கையை நீட்ட, கந்தப்பன் பாய்ந்து அதைப் பறித்து மடியில் செருகிக்கொண்டார்.

"வேண்டாம் வேண்டாம்! செவப்பைப் பிரிச்சா ஆவாது!"

"ஆமாங்க" என்றாள் பழனாத்தாள். "பத்தரமா வெச்சுக்குங்க."

சனிக்கிழமை காலையில் காளைகள் பொள்ளாச்சிக்கும் கந்தப்பன் மலம்புழாவுக்கும் புறப்பட்டார்கள். குப்பண்ணன் காளைகளை ஆளோடு அனுப்பிவிட்டு, "நானு ஞாயித்துக்கிழமை காலையில புல்லட்டுல போறேன். அப்ப வந்து ஏத்திக்கறேன் மாப்ள" என்று காதோடு சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லில்தான் கந்தப்பனின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. பாலக்காடு போய்ச் சேரும்வரை விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

மலம்புழாவில் அந்த முகம் நிலைக்கவில்லை. அவ்வளவு தண்ணீரை அவர் பார்த்ததே இல்லை. "இதுல பாதி நம்மூருக்கு வந்தா மூணு போகம் புள்ள!" என்று அணைமேல் நின்று கத்தினார். கட்டுச்சோற்றுப் புளிச்சோற்றை மூன்று தடவை வாங்கித் தின்றார். பூந்தோட்டத்தில் பிள்ளைகளோடு ஓடிப் பிடித்து விளையாடி வேட்டியைக் கிழித்துக்கொண்டார். பிறகு அந்தப் பிரம்மாண்டமான யட்சி சிலைக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"அப்பா, இந்த அம்மா ஏன் துணியே கட்டல?" என்று கேட்டாள் சின்னவள்.

"அது... அங்க பாரு கண்ணு, மலை எத்தனை ஒசரம்!"

"புள்ளைங்களுக்கு மலையக் காட்டிப்போட்டு நீங்க எதுக்குங்க சிலையை மறுக்கா சுத்தறீங்க?" என்றாள் பழனாத்தாள்.

"பின்னாடி சிமிட்டி வேலை எப்பிடின்னு பாத்தேன் புள்ள."

திரும்பும் முன் யாரும் பார்க்காதபோது மடியிலிருந்த பொட்டலத்தை அணையில் எறிந்துவிடக் கையை ஓங்கினார்.

"என்னங்க அது?"

"பொயிலை."

"நீங்கதான் பொயிலையே போடறதில்லீங்களே?"

"அதுதான் வீசிறலாமின்னு."

"புள்ளைங்க பாக்குதுங்க. தண்ணியில குப்பை போடாதீங்க."

பொட்டலம் மறுபடி மடிக்குப் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் சின்னவள் அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். பெரியவள் தோளில் சாய்ந்துகொண்டு, "அடுத்த வாரமும் போலாமாப்பா?" என்றாள். உள்ளதைச் சொன்னால் கந்தப்பனுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வந்ததும் பொட்டலத்தைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புல்லட் சத்தம் வாசலில் வந்து நின்றது. வெளுத்த வேட்டியும் தலைப்பாகையுமாகக் கந்தப்பன் பூனைநடை நடந்து வந்தார். வாசற்படிக்கு நேராக ஊறப்போட்ட அரிசியோடு பழனாத்தாள் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கீங்க?"

"மலம்புழாதான் போயாச்சே புள்ள! ஆத்தா சொன்னதைக் கேட்டாச்சு. இனிப் பந்தயம்."

"போலாமுங்க. ஆனா ஆத்தாகிட்ட அன்னிக்கு நானு ரெண்டு கேட்டனுங்க. ஒண்ணு வாய்விட்டு. இன்னொண்ணு மனசுக்குள்ள. ஞாயித்துக்கிழமை என்ற ஊட்டுக்காரரு ஊட்டுலயே இருந்து, மாவாட்டி, புள்ளைங்களுக்கு எண்ணெய் தேச்சுஉட்டு, சந்தகை புழிஞ்சு, ஒட்டுக்கா உக்காந்து சோறு உங்கோணுமா தாயேன்னு. வெள்ளைன்னா இருக்கோணும். செவப்புன்னா நீங்க தாராளமாப் போலாம்." அவள் எழுந்து எட்டி எரவாணத்திலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். "இது செவப்புத்தானுங்களே? நீங்கதான் கோயல்ல சொன்னீங்க. குப்பண்ணண்ணா, உங்க கையால பிரிச்சுப் போட்டு இவரைக் கூட்டிட்டுப் போங்க."

"அண்ணா, வேண்டாம், நேரமாச்சு..." என்றார் கந்தப்பன்.

குப்பண்ணன் சாமி விசயத்தில் பயந்த மனிதர். செருப்பைக் கழற்றினார். கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். வாடிப்போன நந்தியாவட்டை அவர் உள்ளங்கையில் கிடந்தது.

"ஆத்தா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "செவப்பையே வெள்ளையாக்கிப் போட்டாளே மாப்ள! உன்ற மடியில வெச்சே! என்ன மகிமை! நீ ஊட்டுலயே இரு சாமி. ஆத்தா வாக்கை மீறி நீ வண்டியில ஏறினா என்ற காளைக்கு ஆவாது."

புல்லட் போய்விட்டது. அது இட்டேரிப் பாதையில் திரும்பி மறையும்வரை கந்தப்பன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட்டாங்கல் முன்னால் உட்கார்ந்தார்.

அன்று ஊடு அமர்க்களப்பட்டது. அவர் மாவாட்ட, மருதாத்தாள் தண்ணீர் தெளித்தாள். எண்ணெய் தேய்த்த பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு ஓட, பிடிக்கப்போனவர் கிணற்றடிச் சேற்றில் விழுந்தார். சந்தகை அச்சை அவர் முறுக்க, பிள்ளைகள் ரெண்டும் ரேக்ளா காளையை முடுக்குவதுபோல "ஹேய், ஹேய்" என்று கத்தின. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றார்கள்.

கை கழுவும்போது கந்தப்பன் மெல்லக் கேட்டார்.

"புள்ள, நெசமாச் சொல்லு. எப்பிடிக் கண்டுபுடிச்சே?"

"பொட்டலத்தைச் சித்தெ இறுக்கிக் கட்டோணுமுங்க. ரெண்டுலயும் வெள்ளை இதழு வெளிய எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு." பழனாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இதழை உள்ள மடிச்சு உட்டு, நாரை ரெண்டு சுத்தாச் சுத்தோணும். நம்ம கண்ணாலத்துக்கு நானு அப்பிடித்தானுங்க கட்டினேன்."