தூசிச்சாமியின் செம்பு வில்லை

கருவிக்கடைத் தெருவில் அன்று கால் வைக்க இடமில்லை. தச்சர்கள், கல்லறுப்பவர்கள், சுவருக்குப் பட்டி பார்ப்பவர்கள் என்று ஊரிலுள்ள தூசி முழுவதும் ஆள் உருவம் எடுத்து வரிசையில் நின்றது. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு வேக்குவம் மெஷின். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வந்தவர்களைப் போல, அதன் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, என்னுது ரொம்ப மோசமா இருக்கு" என்று முண்டினார்கள்.

எல்லாம் தூசிச்சாமியைப் பார்க்கத்தான்.

தூசிச்சாமிக்கு மலை, குகை, தவம் என்று எதுவும் கிடையாது. கருவிக்கடையின் பின்பக்கத்தில் ஒரு மேடை, ஒரு மைக், அவ்வளவுதான். மெஷின் தூசியை இழுக்கவில்லையா? அது கோளாறு அல்லவாம். அறுபட்ட மரத்தின் கோபமும் உடைபட்ட கல்லின் சாபமும் உள்ளே குடியேறிவிட்டனவாம். சாமி மந்திரித்த செம்பு வில்லையை, தூசி சேரும் டிரம்மின் அடியில் போட்டால் சாபம் அடங்குமாம். வாராவாரம் வில்லையின் சக்தி குறையுமாம். குறைந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் வர வேண்டுமாம். கல்லுக்கும் மரத்துக்கும் வாரக் கணக்கு பார்க்கத் தெரிந்திருக்கிறது!

கடைக்காரருக்குக் கொண்டாட்டம். எவரும் சீந்தாமல் கிடந்த சிவப்பு மெஷின்கள் வில்லையோடு சேர்த்து வைத்தவுடன் பறந்தன. சாம்பல் நிறத்தில் வேறொரு மெஷினும் கடையில் இருந்தது. அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேலே துணி போர்த்தி வைத்திருந்தார்.

இந்தக் கூட்டத்தில் முண்டாமல் வந்தவர் ஒருவர்தான். மேசை நாற்காலிப் பட்டறையின் சொந்தக்காரர். ஊர் அவரை மூத்தவர் என்று அழைக்கும். அவர் செய்யும் நாற்காலிகளின் சாய்மானத்தைவிட அவர் முதுகு நேராக இருக்கும். ஒரு கால் மயிரிழை குட்டையானாலும் அந்த நாற்காலி பட்டறை வாசலைத் தாண்டாது; உடைத்து அடுப்புக்கு அனுப்பிவிடுவார். குடும்பப் பெயர் என்றால் அவருக்கு உயிர். அப்படிப்பட்டவர் இங்கே என்ன செய்கிறார் என்று கேட்கிறீர்களா? புத்திக்கு வைத்த கண்ணியில் மாட்டாதவர்கள் பெருமைக்கு வைத்த கண்ணியில் மாட்டுவார்கள். "உங்களை மாதிரி கௌரவமான குடும்பத்துக்குத்தான் முதல் வில்லை" என்று சாமி சொல்லியனுப்பினார். மூத்தவரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. வில்லை பட்டறைக்குள் வந்துவிட்டது.

வர வேண்டிய காரணமும் இருந்தது. பட்டறையில் கடைசி வேலை மருமகளுடையது. உப்புத்தாள் மெஷினை அவள் பிடித்தால் பலகை கண்ணாடியாகும். ஆனால் சில மாதங்களாக அவளுக்கு ஓயாத இருமல். "தூசியை நிறுத்துங்க, இல்லேன்னா வேலையை நிறுத்துங்க" என்றார் டாக்டர். மூத்தவர் இரண்டையும் விட்டுவிட்டு வில்லையை வாங்கினார். இருமல் குறையவில்லை. சாமியிடம் கேட்டார். "சாபம் வெளியேறுது. இருமல் நல்ல சகுனம்" என்றார் சாமி. அந்தக் கணக்குப்படி மருமகளைவிடப் பாக்கியசாலி அந்த ஊரில் கிடையாது.

அன்று காலை சம்பந்தியம்மா வந்து இறங்கினார். மருமகளைப் பெற்றவர். கையில் ஒரு பெரிய வெறும் பை.

"வெறும் பையோட வந்திருக்கீங்க, சம்பந்தியம்மா?" என்றார் மூத்தவர்.

"போறப்போ வெறுமையா இருக்காது, சம்பந்தி. அவ துணிமணிய வெச்சு நிரப்பிக்குவேன்."

மூத்தவருக்கு முகம் சுண்டிவிட்டது. "மருமகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டான்னு ஊர் பேசணுமா?"

"பேசட்டும். அங்க வந்தா அவ மூச்சு விடுவா. ஊர் பேச்சு பெருசா, அவ மூச்சு பெருசா?"

"எனக்கு வேலைய விட மனசில்லம்மா" என்றாள் மருமகள். அதற்குள் இருமல் வந்து மீதிப் பேச்சை விழுங்கிவிட்டது.

"சாயங்காலம் கருவிக்கடைக்கு வாங்க. வில்லைக்கு நானே மேடையில சாட்சி சொல்லப் போறேன்" என்றார் மூத்தவர்.

"சாட்சியா? நீங்க எதைக் கண்ணால பாத்தீங்க?"

மூத்தவர் பீரோவைத் திறந்தார். விசேஷ நாளுக்கென்று வைத்திருந்த கறுப்புக் கோட்டை எடுத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். பதில் இல்லாதவர்களுக்குப் பொத்தான் பெரிய உதவி.

மேடையில் அவருக்குத் தனி நாற்காலி. மேடையில் ஓடும் சிவப்பு மெஷினின் பின்பக்கக் காற்று நேராக மார்பில் படும்படி போட்டிருந்தார்கள். "அது அருள்காற்று. எல்லாருக்கும் கிடைக்காது" என்றார் சாமி. மூத்தவர் மார்பை விரித்து அருளை வாங்கிக்கொண்டார். முன்வரிசையில் சம்பந்தியம்மாவும் மருமகளும். சம்பந்தியம்மாவுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து உபசரித்தார் கடைக்காரர்.

முதலில் ஓட்டியது ஒரு பட்டிக்காரரின் சிவப்பு மெஷின். அதன் குழாயை உப்புத்தாள் மெஷினில் மாட்டி ஒரு பலகையைத் தேய்த்தார்கள். புழுதி மேலே கிளம்பியது. "பாத்தீங்களா கோபத்தை!" என்றார் சாமி. மூடியைக் கழற்றினார். அதன் அடியில்தான் ஃபில்டர் தொங்குகிறது. மூடியை ஒரு தொட்டிக்கு மேலே பிடித்து, "இறங்கு! இறங்கு! இறங்கு!" என்று உள்ளங்கையால் பலமாக அறைந்தார். வில்லையை உள்ளே போட்டு மூடினார். மறுபடியும் தேய்த்தார்கள். பலகையில் துளிப் புழுதி இல்லை! கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்தியா, பட்டித்தூசியா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"இப்ப மூத்தவர் தன் குடும்பத்து வாக்கைக் கொடுப்பார்!" மைக் அவர் முகத்துக்கு நேரே வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க" என்று ஒரு குரல். சம்பந்தியம்மாதான். கையில் பாதி கடித்த பிஸ்கட். "சாமி, எனக்கு ஒரு சந்தேகம். உறிஞ்சுறது வில்லையாலயா, இல்ல நீங்க அறைஞ்ச அறையாலயா?"

கூட்டம் சிரித்தது. சாமியும் சிரித்தார், வாயால் மட்டும்.

"அறை சாபத்தைத் தட்டி எழுப்பும், தாயே. அடக்குறது வில்லை."

"அப்ப ரெண்டையும் பிரிச்சுப் பாத்துடலாமே. அறையாம வில்லைய மட்டும் போடுங்க."

"அம்மா, சாமியைச் சோதிக்காதீங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

"நான் எங்க சாமியைச் சோதிக்கிறேன்? மெஷினைத்தானே சோதிக்கிறேன். மெஷினும் சாமியாயிடுச்சா?"

சாமி அவரைவிட்டு மூத்தவர் பக்கம் திரும்பினார். குரல் தேனாக இறங்கியது. "மூத்தவரே, நீங்க வாக்குக் கொடுக்க வந்த மேடையில சோதனையா? எனக்கொண்ணும் இல்ல. உங்க குடும்ப கௌரவத்துக்குத்தான் இழுக்கு."

சரியான இடத்தில்தான் தொட்டார். மூத்தவரின் வாய் "உட்காருங்க, சம்பந்தியம்மா" என்று சொல்லத் திறந்தது. அந்த நேரத்தில் மருமகள் இருமினாள். வாயைக் கையால் பொத்தி, மாமனாருக்குச் சபையில் தலைகுனிவு வரக்கூடாது என்று அடக்கி அடக்கி இருமினாள். தோள் மட்டும் குலுங்கியது. அவருடைய கௌரவத்தை அந்தப் பெண் தன் நெஞ்சுக்குள்ளே அடைத்து வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

மூத்தவர் எழுந்தார். "என் குடும்பத்துல கால் ஆடுற நாற்காலியே வெளியே போனதில்ல. வாக்கு மட்டும் ஆடிட்டுப் போகுமா? சோதனை நடக்கட்டும்."

கல்லறுப்பவர் ஒருவர் தன் மெஷினைக் கொடுத்தார். ஓட்டினார்கள், பலகையில் புழுதி. குழாயைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகவே வில்லையை உள்ளே நழுவவிட்டார் மூத்தவர். மூடியைத் தொடவே இல்லை. ஓட்டினார்கள். அதே புழுதி.

"வில்லை இன்னும் விழிக்கல" என்றார் சாமி.

"காத்திருப்போம். அதுக்கும் டீ வேணுமான்னு கேளுங்க" என்றார் சம்பந்தியம்மா.

காத்திருந்தார்கள். வில்லை எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது சோதனை. மூத்தவர் மூடியைப் பதமாகத் திறந்து வில்லையை எடுத்தார். சம்பந்தியம்மா அதை வாங்கிச் சாமியின் கையில் வைத்தார். "உங்க சக்தி பத்திரமா உங்ககிட்டயே இருக்கட்டும்." வில்லை கிடந்த இடத்தில் பாதி பிஸ்கட்டைப் போட்டார். "இப்ப அறைங்க, சம்பந்தி. மந்திரம் தெரியலேன்னா என்னைத் திட்டிக்கிட்டே அறைங்க."

மூத்தவர் திட்டவில்லை. மூடியைத் தொட்டிக்கு மேலே தூக்கி மூன்று அறை விட்டார். ஃபில்டரில் கெட்டிப்பட்டிருந்த தூசி மாவு மாதிரிப் பொத்தென்று விழுந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தச் சாபத்துக்கு எடை இருந்தது. அள்ளிக் கொட்டலாம்.

மூடியைப் போட்டு ஓட்டினார்கள். பலகை பளிச்சென்று இருந்தது.

கூட்டம் மேடையை நெருங்கியது. பிறகு ஒரு தச்சர் பயபக்தியோடு கேட்டார்: "அம்மா, அது எந்தக் கடை பிஸ்கட்டுங்க?"

சம்பந்தியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"சரி, அறைஞ்சா போதும்னு தெரிஞ்சிடுச்சு. அப்ப நம்ம மெஷினையே அறைஞ்சுக்கலாமே?" என்றான் மூத்தவரின் மகன். வாராவாரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் அலைந்தவன் அவன்தான்.

அப்போது மருமகள் எழுந்து வந்தாள். "மாமா, உங்க கோட்டு!"

மூத்தவர் குனிந்து பார்த்தார். கறுப்புக் கோட்டின் மார்பு வெள்ளையாக இருந்தது. விரலால் எழுதினால் எழுத்து தெரியும், அவ்வளவு பொடி. முன்னால் உறிஞ்சிய பொடித்தூசியை அந்தச் சிவப்பு மெஷின் பின்னால் ஊதிக்கொண்டிருந்தது. அதன் ஃபில்டர் மரச்சுருளைப் பிடிக்கும், பொடியை விட்டுவிடும். அருள்காற்று!

பட்டறையில் மருமகள் தரையில் உட்கார்ந்துதான் பலகை தேய்ப்பாள். அதே மாதிரிச் சிவப்பு மெஷின், பின்பக்கம் காட்டி, அவள் முகத்துக்கு நேரே நிற்கும். அதை அங்கே நிறுத்தி வைத்தது யார் என்று மூத்தவருக்கு நினைவு வந்தது. அவரேதான். அவருடைய முதுகு, ஊரார் பார்க்க முதல்முறையாக, கொஞ்சம் வளைந்தது.

"இதை எத்தனை அறைஞ்சாலும் இருமல் நிக்காது" என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "அந்தத் துணி போர்த்தினது என்ன?"

"அது... விலை கொஞ்சம் ஜாஸ்தி, மூத்தவரே. பொடித்தூசியையும் பிடிக்கிற ஃபில்டர். அடைச்சா தானே உதறிக்கும்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"இப்பவும் கேக்கல. ஓட்டிக் காட்டு."

இனி யார் சொன்னாலும் நம்புவதாக இல்லை. கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார், உள்துணியும் கறுப்பு. சாம்பல் மெஷினின் பின்னால் அதைப் பிடித்தபடி நின்றார். மகன் பலகையைத் தேய்த்தான். மருமகள் துணியை வெளிச்சத்தில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"இதை வாங்குங்க மாமா" என்றாள்.

சம்பந்தியம்மா பையை நாலாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "ஒரு மாசம் கழிச்சு வந்து அவ இருமுறாளான்னு கேட்டுப் பாப்பேன், சம்பந்தி. உங்க வாக்கை நம்பி அவளை விட்டுட்டுப் போகல."

"நம்பக்கூடாது. வந்து பாருங்க" என்றார் மூத்தவர்.

பிறகு மைக்கை எடுத்தார். "சாட்சி சொல்லக் கூப்பிட்டாங்க. சொல்றேன். வில்லையில ஒண்ணுமே இல்ல. நான் ஏமாந்தேன். இது எங்க குடும்பத்து வாக்கு." திரும்பிப் பார்த்தால் சாமியைக் காணவில்லை. தூசி உறிஞ்சப்படும் வேகத்தில் மறைந்திருந்தார். கூட்டம் கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டது. வில்லைகள் மேசையில் சடசடவென்று வந்து விழுந்தன.

மூத்தவர் சாம்பல் மெஷினை மகனிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அங்கே கல்லறுப்பவர் தன் மெஷினைத் திறந்து, தூசி படிந்த பாதி பிஸ்கட்டை ஒரு சின்னக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அது?"

"ஒண்ணுமில்ல, மூத்தவரே... எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

மூத்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மெஷினுக்கு வேலை செய்யாத ஃபில்டர் போட்டா மாத்திக்கலாம்யா. ஊர்ல யாரு எதச் சொன்னாலும் உள்ள விடுற மண்டைக்கு எந்தக் கடையில ஃபில்டர் விக்கிறான்? அத நீயேதான் செஞ்சுக்கணும். இன்னிக்கு ராத்திரியே ஆரம்பி."