முயல் காதும் மதியத் தூக்கமும்

ஒசாகாவில் கடை நடத்தும் அத்தானுக்கு, சீனாவின் ஜிலியில் உங்களுக்காகக் குழந்தை உடை தைக்கும் மைத்துனன் கு வெய்ச்சாங் வணக்கத்துடன் எழுதுவது. அக்காவின் மூட்டுவலியும் உங்கள் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று ஏற்றவேண்டிய முயல் காது வைத்த இரவு உடைகளுக்குப் பத்து நாள் தவணை வேண்டும். காதைப் பிய்க்கும் சோதனையில் தேறினோம். தீப்பிடிக்கும் சோதனையிலும், சாயம் எச்சிலில் கரைகிறதா என்னும் சோதனையிலும் தேறினோம். கடைசிக் காதைத் தைக்கையில் நம் தையல்காரி தாவ் சியூவின் ஊசி உடைந்தது. உடைந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்தால் முழு ஊசி வரவேண்டும், இல்லாவிட்டால் சரக்கு வாசல் தாண்டக்கூடாது என்பது நீங்கள் போட்ட நிபந்தனை. முனை மட்டும் இல்லை. பக்கத்திலேயே பெட்டிகள் திறந்து கிடந்தன. நீங்கள் அனுப்பிய பரிசோதகர் ஷியே அம்மா, "முனை கிடைக்கிற வரைக்கும் ஒரு முயல்கூட நகரக்கூடாது. எந்தக் குழந்தை கழுத்துல குத்தும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தாவ் சியூ அழுதாள். "அழுதா ஊசி வருமா? காந்தத்தை எடுடி," என்று அவளையும் அதட்டினார்.

காந்தத்தை எடுப்பதற்குள் சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். மதியத் தூக்கம், அத்தான். உங்களுக்கும் மறந்திருக்காது. தையல்காரர்கள் துணிக் குவியலில் சாய்ந்தார்கள். "வேலை நேரத்துல தூக்கமா?" என்று முறைத்த ஷியே அம்மா, ஒரு முயலைத் தலைக்கு வைத்துக் கண்ணை மட்டும் மூடினார். ஊசி தேடும் எந்திரத்தை ஓட்டலாம் என்றால் அது ஊரைக் கூட்டிக் கத்தும். தூங்குகிறவர்களை எழுப்புவது நம்மாலாகிற காரியமா? பஞ்சுத்துகள் வெயிலில் மெல்ல மிதக்குது, எல்லாரோட மூச்சும் ஒண்ணா ஏறி இறங்குது, முயலெல்லாம் வரிசையா எந்திரத்துக்குள்ள குதிச்சு அந்தப் பக்கம் மேகமா வெளியே வருது, ஒண்ணுகூடக் கத்தல அத்தான், எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. மன்னிக்கவும், எழுதிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன்.

எல்லாரும் எழுந்ததும் ஒவ்வொரு உருப்படியையும் எந்திரத்தில் விடுவேன். இருப்பது ஒரே எந்திரம், ஆகவே பத்து நாள். தாவ் சியூவின் வேலைக்கு நான் பொறுப்பு. உங்கள் கடையும் குழந்தைகளும் பல்லாண்டு தழைக்கட்டும்.

இப்படிக்கு,
கு வெய்ச்சாங்

பி.கு.: இப்போதுதான் தலை நிமிர்ந்து பார்த்தேன். பெட்டிகளில் ஒன்றையும் காணோம். லாரிக்காரர் பான், தூக்கம் கலையக்கூடாதென்று ஆட்களோடு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அத்தனையையும் ஏற்றிப் போயிருக்கிறார். நல்ல மனிதர். ஷியே அம்மாவின் தலைக்கடியிலிருந்த முயலை உருவிக்கொண்டு, தன் சட்டையை மடித்து வைத்திருக்கிறார். உடனே போன் செய்தேன். லாரியில் கூடவே போகும் அவர் மனைவி எடுத்து, ரகசியக் குரலில், "துறைமுக வரிசையில நிக்கிறோம் அண்ணே. இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்பட்டுமா?" என்றார். நானும் அதே குரலில், "வேணாம்மா, தூங்கட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. இப்போது அங்கே போன் எடுப்பாரில்லை.

ஆகவே சரக்கு சொன்ன தேதிக்கே வருகிறது. தவணை கேட்டதை மறந்துவிடுங்கள். தயவுசெய்து பெட்டியைப் பிரிக்காதீர்கள், எந்திரத்தோடு நானே வருகிறேன். ஷியே அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. அவரை யார் எழுப்புவது என்று இங்கே பேச்சு நடக்கிறது, மெதுவாகத்தான்.