கடல் அரசியை இறக்கிய கதை

காலையில் ரொபின்சன் எழும்புவான். பாயைச் சுருட்டுவான். இடுப்புச் சாறத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் தண்ணீர் அள்ளுவான். இரண்டு பிளேன்ரீ போடுவான். ஒன்றைக் குடிப்பான். மற்றதை ஆறவிட்டு வாழையடியில் ஊற்றுவான். மனைவி ஜெனிஸ்ரா செத்த பிறகும் கை இரண்டு கோப்பையைத்தான் எடுத்தது. கையோடு வாதாடி என்ன பயன் என்று விட்டுவிட்டான். வாழை நன்றாக வந்தது.

அன்றைக்கும் ஊற்றிவிட்டு வந்து, ஒரு பிஸ்கற் பெட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினான். அவனுக்கு அவசரமாக ஒரு நண்டுக் காவலனும் ஒரு குருட்டுச் சங்கூதியும் தேவைப்பட்டார்கள்.

அது ஒரு கடதாசி விளையாட்டு. ஒவ்வொரு கடதாசியிலும் ஒரு வீரனோ பூதமோ மந்திரமோ இருக்கும். வேண்டியதைத் தேடிச் சேர்த்து, ஆளுக்கொரு கட்டுக் கட்டி மோத வேண்டும். தமிழ்நாட்டில் அகதி முகாமிலிருந்து கல்லூரிக்குப் போன காலத்தில் விடுதியில் பழகியது. சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது மற்றவர்கள் தையல் மெசின் கொண்டுவந்தார்கள். அவன் ஒரு பட்டச் சான்றிதழும் ஒரு பெட்டி கடதாசியும் கொண்டுவந்தான். சான்றிதழ் வேலை கேட்டுக் கந்தோர் கந்தோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடதாசியை ஜெனிஸ்ரா எடுத்துக்கொண்டாள்.

அவள் விளையாடும் விதம் வேறு. வெல்லக்கூடிய கடதாசியைத் தொடமாட்டாள். ஒரே கதையில் வருகிற ஆட்கள்தான் ஒரு கட்டில் இருக்கலாம் என்பது அவள் போட்ட சட்டம். அவளுடைய கதை, கடலுக்குள் போன ஒரு தீவின் அரசியும் மிஞ்சிய பரிவாரமும் திரும்பிப் போய்க் குடியேறப் பார்ப்பது. “அரசியெண்டாலும் கூரைத் தகரம் வாங்க வரிசையிலதான் நிக்கோணும்,” என்பாள்.

அந்த அரசியை இறக்குவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. சமையல்காரன், சுக்கான்காரன், நண்டுக் காவலன், சங்கூதி ஆகிய நாலு பேரும் முதலில் களத்தில் இருக்க வேண்டும். கடைசி இரண்டு பேரும் அவர்களிடம் இல்லை. கொழும்பில் கிடைக்கும், விலையைக் கேட்டால் வலையை விற்க வேண்டும். ஆகவே அரசி ஒருநாளும் இறங்கவில்லை. ஜெனிஸ்ரா ஒருநாளும் வெல்லவில்லை. தோற்ற கதையை மட்டும் வென்றவன் வெட்கப்படும்படி சொல்லுவாள்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் கட்டிலைச் சுற்றி அவனும், அவளைப் பெற்ற மாமி அகஸ்ரினாவும் மாமா லோறன்சும் நின்றார்கள். அயல்வீட்டுப் பூமணிக்கு அந்த வார்ட்டில்தான் வேலை. அவள் கட்டிலுக்குக் கீழே நிலம் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமி செபமாலையை மோட்சத்துக்கே கேட்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெனிஸ்ரா கண்ணைத் திறந்து ஏதோ சொன்னாள். செபத்தின் இடையில் கடைசிச் சொல் மட்டும்தான் தப்பி வந்தது.

“இறக்குங்கோ.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மாமிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மகள் சிலுவையில் தொங்கும் ஆண்டவரை நேரில் கண்டு, அவரை இறக்கச் சொல்லியிருக்கிறாள். பாதர் இதைப் பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் சொன்னபோது கோயிலே அழுதது. மாமாவுக்கும் சந்தேகம் இல்லை. கரையில் கவிழ்ந்து கிடக்கும் தன் வள்ளத்தைத்தான் மகள் இறக்கச் சொன்னாள். அவர் போய்த் தார் வாங்கிவந்தார்.

ரொபின்சனுக்கும் சந்தேகம் இல்லை. அவனுக்கு அது அரசி. முந்தின ஞாயிறுகூட அரசியைப் பற்றித்தானே கதைத்தார்கள்.

அவர்கள் இருந்த தீவில் இந்த விளையாட்டுத் தெரிந்த இன்னொரு ஆள், பக்கத்து ஊர் தாராபுரத்துச் சனூன். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிப் போன் கடை போட்டவன். கடை ஓடவில்லை; அடுத்த கிழமை வேலைக்குக் கட்டாருக்குப் பறக்கிறான். வருகிற ஞாயிறு தவறினால் அரசியை இறக்குவதற்கு எதிரே ஆள் இல்லை. அவளுடைய கடைசிச் சொல் அப்படியே கிடந்துவிடும். அதனால்தான் பிஸ்கற் பெட்டி.

வெட்டி, வரைந்து, கட்டில் செருகிக்கொண்டு சைக்கிளில் போனான். சனூன் கட்டைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தான்.

“மச்சான், உன்ட நண்டு தடிப்பு. கட்டுக்குள்ள படுத்திருக்கக்குள்ளயே தெரியுது. முதுகும் மஞ்சள். இது களவு.”

எல்லாக் கடதாசிக்கும் ஒரே தடிப்பும் ஒரே முதுகும் வேண்டும் என்றான். நியாயம்தான்.

ரொபின்சன் வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தான். ஜெனிஸ்ராவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு அடித்த நினைவுப் படங்கள் கட்டுக் கட்டாக மிஞ்சிக் கிடந்தன. குறைத்து அடித்தாலும் அதே விலை என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கம் அவள் சிரிக்கிற படம். மறுபக்கம் செபம். அளவு சரி, தடிப்பு சரி. கட்டு முழுவதையும் செபத்தின் மேல் ஒட்டினான். இல்லாத ஆட்களை வேண்டாத கடதாசிகளின் மேல் வரைந்து அதேபோல ஒட்டினான். அதைவிட மலிவான கட்டு உலகத்தில் இல்லை.

சனூனிடம் மறுபடியும் போனான். சனூன் கட்டைக் கலைக்கத் தொடங்கி, பாதியில் கையை எடுத்துவிட்டான்.

“எப்பிடி மச்சான் உன்னோட மோதுறது? நீ கையில பிடிச்சிருக்கிற அவ்வளவு பேரும் ஜெனிஸ்ரா. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க.”

கடைசியில், சனூன் தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடுவது என்று ஒப்பந்தமானது.

சனிக்கிழமை மாமி வீடு கூட்ட வந்தவள், மேசையில் வைத்திருந்த கட்டைக் கண்டுவிட்டாள். முதலில் மகளின் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு மறுபக்கம் திருப்பினாள். முடி சூடிய ஒருத்தி அலையின் மேல் நின்றாள்.

“இது ஆர்?”

உண்மையைச் சொன்னால் கட்டு அடுப்புக்குள் போகும். “மாதா, மாமி,” என்றான் ரொபின்சன். “கடல் மாதா.”

“அப்ப இந்த நண்டு?”

“சவேரியாருக்குச் சிலுவை தூக்கிக் குடுத்த நண்டு.”

மாமி நண்டுக்கு முத்தம் கொடுத்தாள். பொய் ஒரு தரம் ஓடத் தொடங்கினால் சும்மா நிற்குமா. சமையல்காரன் கானாவூர்க் கலியாண வீட்டில் வேலை செய்தவன் ஆனான். சுக்கான்காரன் பேதுரு ஆனார். சங்கூதி, கடைசித் தீர்வை நாளில் எக்காளம் ஊதப்போகிற வானதூதர், சம்மனசு.

“சம்மனசுக்கு ஏன் கண் கட்டியிருக்கு?”

“ஆள் பாத்து ஊதக் கூடாதெண்டு, மாமி.”

மாமி நெடுநேரம் தலையை ஆட்டினாள். இவ்வளவு பக்தியான மருமகனைத் தான் இத்தனை நாளும் தவறாக நினைத்துவிட்டதாகச் சொன்னாள். ரொபின்சன் நிம்மதியாகப் படுத்தான்.

ஞாயிறு காலை அவன் பாயைச் சுருட்டி, தண்ணீர் அள்ளி, வாழைக்கு ஊற்றிவிட்டு வந்து பார்த்தால் மேசையில் கட்டு இல்லை. மாமி விடியற்பூசைக்கு எடுத்துப் போய், பாதரைக் கொண்டு மந்திரித்து, மாதர் சங்கத்துக்குப் பகிர்ந்துவிட்டாள். நண்டை முட்டு வருத்தக்காரி அன்ரோனெற்றுக்குக் கொடுத்தாளாம். இப்போதே மூச்சு லேசாக இருக்கிறதாம்.

“மாதா எங்க, மாமி?”

“வள்ளத்து முன்பக்கம், அணியத்தில ஒட்டிப்போட்டன். மாமா இண்டைக்கெல்லோ இறக்கிறார்.”

சனூனுக்குப் போன் அடித்துக் கரைக்கு வரச்சொல்லிவிட்டு, ரொபின்சன் ஓடினான்.

கரையில் மாதர் சங்கம் ஆளுக்கொரு கடதாசியை நெஞ்சோடு அணைத்தபடி பாட்டுப் படித்தது. மாமா வள்ளத்துக்குள் நிமிர்ந்து நின்றார். நாலைந்து பேர் தள்ளினார்கள். வள்ளம் இறங்கியது. பிறகு இறங்கிக்கொண்டே போனது. தார் எல்லாம் பலகையின் மேல்தான் வடிவாகப் பூசியிருந்தது; பொருத்துகள் திறந்தே கிடந்தன. தண்ணீர் இடுப்புக்கு வரும் வரைக்கும் மாமா சுக்கானை விடவில்லை.

ரொபின்சன் சாறத்தைத் தொடை வரைக்கும் தூக்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குள் நடந்தான். அணியம் மூழ்கும் முன் அரசியை உரித்து எடுத்தான். முடியில் கொஞ்சம் போய்விட்டது. மற்றபடி அரசிதான்.

மேலே வந்தபோது சனூன் மீன்பெட்டியைக் கவிழ்த்துத் தன் படையைப் பரப்பியிருந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

“என்னட்டை ஒரு கடதாசிதான் இருக்கு,” என்றான் ரொபின்சன். “மற்ற நாலு பேரும் இல்லை.”

சனூன் கண்ணைச் சுருக்கிக் கரையைப் பார்த்தான். அன்ரோனெற் நண்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் சங்கூதி. கொஞ்சம் தள்ளிச் சமையல்காரன். மாமியின் கையில் பேதுரு.

“நாலு பேரும் களத்தில நிக்கிறாங்க மச்சான். சட்டம் சரி. இறக்கு.”

ரொபின்சன் அரசியை மீன்செதிலின் மேல் வைத்தான். அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. வரும்போல இருந்ததே அவனுக்குப் புதிது.

“இறக்கிப்போட்டன், ஜெனி,” என்றான்.

மாமிக்குக் காது கூர்மை. எதை இறக்கினாய் என்று கேட்டாள். அவனுக்குப் பொய் தீர்ந்துவிட்டது. கடதாசி, விளையாட்டு, அரசி, கடைசிச் சொல் எல்லாவற்றையும் சொன்னான். பாட்டு நின்றது.

“என்ர பிள்ளை ஆண்டவரைக் கண்டவள். சாகேக்கை கடதாசியைப் பற்றியோ கதைப்பாள்?”

“வள்ளத்தையடி,” என்றார் மாமா கடலுக்குள் இருந்து. “அவள் சொன்னது வள்ளத்தை.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். சிலுவை, வள்ளம், அரசி. சனூன் சமாதானம் பேசப் போய், அவனுக்கும் கிடைத்தது. மாமி அரசியைப் பறிக்கக் கை நீட்டினாள். ரொபின்சன் விடவில்லை.

மீன் வாங்கக் கூடையோடு வந்த பூமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தல் கொஞ்சம் ஓய்ந்ததும், தான் அன்றைக்குக் கட்டிலுக்குக் கீழேதான் இருந்ததாகவும், அந்தப் பிள்ளை சொன்னது தனக்கு முழுக்கக் கேட்டதாகவும் சொன்னாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“பிறகேன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?” என்றாள் மாமி.

“என்னட்டை ஆர் கேட்டது?”

“சொல்லுங்கோ அக்கா,” என்றான் ரொபின்சன். “அவ என்ன சொன்னவ?”

பூமணி அவனுடைய ஈரத் தொடையை ஒருமுறை பார்த்தாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, ஜெனிஸ்ரா சொன்ன மாதிரியே சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, சிஸ்ரர் வாறா. சாறத்தை இறக்குங்கோ.”