ஒட்டுக் கட்ட ஆள் தேவை

"உங்க வேலையை உங்களைத் தவிர யாருமே செய்ய முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி.

ஒட்டுக்காரருக்குச் சுருக்கென்றது.

ஒரு ரோஜாச் செடியின் மொட்டை இன்னொன்றில் வைத்து ஒட்டுக் கட்டுவது அவர் தொழில். பிழைக்க வந்த நாட்டில், ஒரு நர்சரியில் வேலை. வேலை அனுமதி மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பித்துக்கொண்டு போகலாமென்று வந்த இடத்தில்தான் இந்தக் கேள்வி.

"நான் எங்க சார் அப்படிச் சொன்னேன்? செய்யறேன், அவ்வளவுதான்."

"சட்டம் கேக்குதே. உங்க வேலைக்கு முதல்ல விளம்பரம் குடுக்கணும். உள்ளூர் ஆள் யாரும் வரலைன்னாத்தான் உங்களுக்கு நீட்டிக்க முடியும்."

ஒட்டுக்காரர் வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குத் தானே ஏலம் போட வேண்டுமாம்! அதுவும் தான் எழுந்திருக்காமலேயே!

விஷயத்தைக் கேட்ட முதலாளியம்மா, மண் அப்பிய கைகளை விரித்தாள். "எனக்குச் செடி வளர்க்கத் தெரியும், எழுத வராது. உங்க வேலை உங்களுக்குத்தானே தெரியும்? நீங்களே எழுதிக் குடுங்க, போட்டுடறேன்."

எழுதினார். ரோஜா ஒட்டில் நெடுநாள் அனுபவம் வேண்டும். ஒட்டுக் கத்தியைத் தானே தீட்டத் தெரிய வேண்டும். இலையைத் தொட்டே நோயைச் சொல்ல வேண்டும். இடது கைப் பழக்கம் இருந்தால் நலம். ஒரு ஈ காக்கை வரவில்லை. நிமிர்ந்த நடையோடு அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இது விளம்பரமா, உங்க ஜாதகமா?"

"வேலைக்கு வேணுங்கறதைத்தான் எழுதியிருக்கேன் சார்."

அப்போது பக்கத்து ஜன்னலில், படிப்பு விசா கிடைக்காத மாணவன் ஒருவன் தடுப்பைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அதிகாரி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். சத்தம் ஓய்ந்ததும் கேட்டார்.

"உங்க இடத்துல இப்படிக் கூட்டம் வருமா?"

"செடி வாங்கறவங்க முன்பக்கத்தோட போயிடுவாங்க. நான் பின்பக்கம், தனியா."

"யாராவது வந்து கத்துவாங்களா?"

"யார் சார் கத்தப்போறா? ரோஜாச் செடியா?"

என்ன கேள்வி இதெல்லாம் என்று ஒட்டுக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. எந்த வார்த்தையில் மடக்கலாமென்று தூண்டில் போடுகிறானோ என்று வாயை இறுக்கிக்கொண்டார்.

"வேற எழுதிட்டு வாங்க. உண்மையான வேலை என்னவோ அது."

வீட்டில் மனைவி கொதித்துப் போனாள். "பொண்ணுக்குப் பரீட்சை வருது. பாதியில பெட்டியைக் கட்டவா? உண்மையைத்தானே கேக்கறாரு? எழுதுங்க! முள்ளு, சேறு, வெயிலு, முதுகு வலி, ஒண்ணு விடாம எழுதுங்க. எவன் வரான்னு பார்த்துடலாம்."

எழுதினார். படித்தபோது அவருக்கே அந்த வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. யாரும் வராததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதிகாரி அதையும் ஒதுக்கி வைத்தார். "பயமுறுத்தறீங்க. நல்லதே இல்லாத வேலைக்கு ஏன் இப்படி அலையறீங்க? எனக்குச் சந்தேகம் வருதே."

ஒட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன்னைச் சொல்லலாம், தொழிலைச் சொல்லலாமா?

"நல்லது இல்லையா? வச்சுக் கட்டின மொட்டுல புதுசாத் துளிர் எட்டிப் பார்க்கும் பாருங்க, அன்னைக்கு எனக்குச் சோறு தண்ணி வேண்டாம் சார்! எந்த மனுஷன் முகத்திலயும் முழிக்க வேண்டாம். பிடுங்கல் இல்லை. மழை வந்தா வேலையை நிறுத்திட்டு வேடிக்கை பார்ப்போம்."

"தங்கறதுக்கு?"

"பண்ணைக்குள்ளயே சின்ன வீடு. ஜன்னலைத் திறந்தா ரோஜா வாசனை."

அதிகாரியின் பேனா நின்றது. "அனுபவம் இல்லாதவங்க செய்ய முடியாதா?"

"ஏன் முடியாது? கை நடுங்காம இருந்தாப் போதும். எத்தனை பேருக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன்! கழுதை வந்தாக்கூடக் கத்துக் குடுத்துடுவேன்."

"அதைத்தான் முதல்லயே எழுதியிருக்கணும்" என்றார் அதிகாரி, முதன்முறையாகச் சிரித்து. "அனுபவம் தேவையில்லை, ஆர்வம் போதும். வீடு உண்டு. இப்படிப் போடுங்க, சட்டப்படி சரியா இருக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது ஒட்டுக்காரருக்கு வெளியே படியிறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் சட்டப்படி சரி என்று அதிகாரியே சொல்லிவிட்டாரே.

மனைவி படித்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆளே வரக் கூடாதுன்னு போடற விளம்பரமா இது? கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இருக்கு!"

"அந்த ஆளு சொல்லித்தாண்டி எழுதினேன்."

"கிணத்துல குதிக்கச் சொன்னா?"

விளம்பரம் வந்தது. ஒரு வாரம் போயிற்று. முதலாளியம்மா நாற்றுப் பாத்தி ஓரமாக வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"ஒரே ஒருத்தர் மனு போட்டிருக்காரு. உள்ளூர் ஆளு."

"தொழில் தெரியுமா?"

"ரோஜாவுக்கு முள் இருக்குங்கறது தெரியுமாம். போன்ல சொன்னாரு."

"அம்மா!"

"நான் என்னய்யா செய்ய? ஆர்வம் போதும்னு நீங்கதானே எழுதினீங்க? ஆர்வம் நிறைய இருக்காம். எடுத்துக்கலைன்னா என் பண்ணைக்கே பூட்டுப் போட்டுடுவாங்க. உங்க அனுமதியை நீட்டிக்க முடியாதுன்னும் கடிதம் வந்துடுச்சு."

ஒட்டுக்காரர் கையிலிருந்த கத்தியை மண்ணில் குத்தினார். அவர் ஒட்டிய செடிகள் வரிசையாகப் பூத்து நின்றன. முள்ளுக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன் நாளைக்கு இதற்குள் புகுந்து கத்தி வீசப் போகிறான்! அவன் வந்து படுக்கத் தன் மகள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டும்! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்பவன் உண்டு. சொந்தக் கையெழுத்தில் வைத்துக்கொண்டவன் இவர்தான்.

"அந்த அதிகாரிகிட்டப் போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி. "ஊரை விட்டுப் போறதுதான் போறோம், வாயை மூடிட்டா போகணும்?"

பேருந்தில் நின்றபடியே கேள்விகளைக் கூர் தீட்டினார். 'எழுதச் சொன்னதும் நீ, எழுதினதால நீட்டிக்க முடியாதுன்னு சொல்றதும் நீயா? உன் நாற்காலிக்கு இப்படி ஒரு விளம்பரம் போட்டா உனக்குப் பொறுக்குமா?' கடைசிக் கேள்வி அவருக்கே மிகவும் பிடித்திருந்தது. அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

வரிசையில் நிற்காமல் நேரே போய்த் தடுப்பைத் தட்டினார். நாற்காலி காலியாக இருந்தது.

"எங்க அந்த ஆளு?" என்று கத்தினார். "கூப்பிடுங்க! இன்னைக்கு நானா அவரான்னு பார்த்துடறேன்!"

பக்கத்து ஜன்னல் பெண் நிதானமாக நிமிர்ந்தாள்.

"அவரு நேத்தோட வேலையை விட்டுட்டாரே சார். இந்தக் கத்தலே வேண்டாம்னு ஏதோ ரோஜாத் தோட்டத்துல சேரப் போறாராம். தொழில் தெரியாம எப்படின்னு கேட்டேன், 'அங்க ஒரு கெட்டிக்காரர் இருக்காரு, கழுதை வந்தாக்கூடக் கத்துக் குடுத்துடுவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாரு."