ஏழாவது பாட்டு

ஆறு பாட்டும் தீர்ந்துவிட்டன. மணப்பெண் இன்னும் மாடியை விட்டு இறங்கவில்லை.

ஹார்ப்காரி தன் ஆளுயரத் தந்திவாத்தியத்தை அணைத்தபடி மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். பெண் இறங்கி வர இரண்டு, ரிசப்ஷனுக்கு நாலு என்று ஆறே பாட்டுதான் பழகி வந்திருந்தாள். கல்யாணத்தில் வாசிப்பது இதுதான் முதல் தடவை. பத்து வருஷமாக அஞ்சலி மண்டபத்தில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள். ஹார்ப்பை வண்டியில் ஏற்றினாலே எதிர்வீட்டுக்காரி, "இன்னிக்கு யாரு?" என்பாள். சொந்தத் தங்கையே தன் கல்யாணத்துக்கு, "உனக்கெதுக்குக்கா வீண் அலைச்சல்" என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கு நல்ல பேர் வாங்கினால் அந்தப் பெட்டிகளிடமிருந்து தப்பிவிடலாம்.

காலையில் கல்யாண மண்டப மேனேஜர் ஒரு சீட்டைப் படித்துக்கொண்டே கேட்டார்.

"பொண்ணு உங்களைத்தான் வேணும்னு கேட்டிருக்கு. எங்க கேட்டுச்சாம் உங்க வாசிப்பை?"

"ரேடியோவுல இருக்கும் சார்," என்றாள், வாய் கூசாமல்.

"துக்கத்துக்கெல்லாம் வாசிக்கிறதில்லையே?"

"சேச்சே!"

"அப்ப யாரோ ஆள் மாத்தி எழுதியிருக்காங்க," என்று சீட்டைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார். என்ன சீட்டு என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது வேறு வழியில்லாமல் முதல் பாட்டையே மறுபடி ஆரம்பித்தாள்.

"இது முன்னாடியே வந்துச்சே!" என்றார் முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. நாலு பேர் சிரித்தார்கள்.

வேகமாக வாசித்தால் புதுசாகத் தெரியும் என்று வேகத்தைக் கூட்டினாள். படீரென்று மேல் தந்தி ஒன்று அறுந்து போட்டோகிராஃபரின் காதை உரசியது. ஆறு பாட்டுக்கும் அந்தத் தந்தி வேண்டும்.

"ஏதாவது வாசிங்கம்மா, மானம் போகுது!" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

அந்தத் தந்தி இல்லாமல் வாசிக்க அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெட்டியை மூடும்போது வாசிப்பது. அதை எடுத்து, இரண்டு பங்கு வேகத்தில், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு வாசித்தாள். பெரியப்பா காலால் தாளம் போட்டார்.

"இது நல்லா இருக்கே!"

ஆனால் பாழாய்ப்போன விரல்கள். ஆயிரம் பெட்டிகளை அனுப்பிவைத்த விரல்கள், நாலாவது அடியில் தாமாகவே நிதானத்துக்கு இறங்கின. முகமும் பழக்கதோஷத்தில் தொங்கியது.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். பெண்தான் வருகிறாள் என்று மொத்தக் கூட்டமும் எழுந்து திரும்பியது. படிக்கட்டில் ஈ காக்கை இல்லை. அப்பாவோ கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்துப் பெண்ணின் அத்தைக்காரி குரலெடுத்து அழ, மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மேல என்ன ஆச்சு? அவளுக்கு என்ன ஆச்சு?"

மேனேஜர் பைக்குள்ளிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஹார்ப்காரியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அது நீங்கதானா? நிறுத்துங்க! ரிசப்ஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். மூடிக்கிட்டுப் பின்வாசல் வழியா கிளம்புங்க!"

பாட்டு பாதியில் நின்றது. நாளைக்குப் பத்து மணிக்கு அஞ்சலி மண்டபத்தில் ஒரு பெட்டி இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஹார்ப்புக்கு உறையை மாட்ட ஆரம்பித்தாள்.

மேக்கப் போடும் பெண் மாடியிலிருந்து இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஏங்க்கா நிறுத்துனீங்க? அவங்கம்மாவை அனுப்பி வெச்சப்போ நீங்க வாசிச்ச பாட்டு வந்தாத்தான் அம்மாவும் கூட வர்ற மாதிரி இருக்கும்னு, சீட்டு எழுதிக் குடுத்துட்டு ஒரு மணி நேரமா கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன பொண்ணு, இப்பதான் அந்தத் திருப்பம் வரைக்கும் பாதிப் படி இறங்கியிருக்கு!"