போர்டை இரண்டு தடவை பார்த்த கதை

எழுநூறு பேர் பார்க்க, கல்யாண மேடையிலிருந்து பறக்கப் பார்த்தவள் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிடப் பெருமை அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே கோளாறைச் சொல்வேன் (மெய்யாலுமேதான்). சூலூரில் கட்டிக்கொடுத்த பிறகும் தினமும் பஸ் ஏறி வந்து காயில் கட்டினேன். ஆனால் தம்பி கல்யாணம் முடிந்ததும் பட்டறை அவனுக்குத்தான் என்று அப்பா முடிவுகட்டியிருந்தார். தம்பிக்கு டெஸ்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்பதே சந்தேகம்.

"எனக்குக் குடுங்கப்பா" என்று கேட்க வாய் வரவில்லை. கனவிலும் வரவில்லை. அப்பா முன்னால் நின்று வாயைத் திறப்பேன், வெறும் காற்றுதான் வரும். சாதாரணக் கனவு ஏறி உட்கார்ந்த பஸ் மாதிரி, அது போகிற இடத்துக்குத்தான் நாமும் போகவேண்டும். விழிப்புக் கனவு என்று ஒன்று உண்டு என மொபைலில் ஒரு வீடியோ சொன்னது. கனவுக்குள் இருக்கும்போதே 'அட, இது கனவு' என்று தெரிந்துவிடுமாம். தெரிந்த நொடியிலிருந்து ஸ்டீயரிங் நம் கையில். பேசலாம், பறக்கலாம். கண்டுபிடிக்க ஒரு சோதனை: ஏதாவது எழுத்தைப் படி, திரும்பு, மறுபடி படி. மாறியிருந்தால் கனவு. பகலில் பழகிக்கொண்டே இருந்தால் கனவிலும் தானாக வந்துவிடுமாம். ஒரு மாதம், கோயமுத்தூரில் நான் இரண்டு தடவை படிக்காத பஸ் போர்டு கிடையாது.

தம்பி கல்யாணம் வந்தது. மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை. காலையில் இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலைக் கூடையைச் சுமந்துகொண்டு அவனோடு நிற்கிற சடங்கு. நின்றேன். எதிரே மண்டபத்து மின்னெழுத்துப் போர்டில் தம்பி பெயர். பழக்கதோஷத்தில் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தேன். 'சாப்பாடு மாடியில்' என்று இருந்தது.

(அந்தப் போர்டில் எழுத்து மாறிக்கொண்டே இருக்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.)

அப்பாடா, கனவுதான். கூடையைச் சடங்கு நடத்திக்கொண்டிருந்த அருமைக்காரரிடம் நீட்டினேன்.

"அம்மணி, சீரு இன்னும் முடியலீங்க" என்றார் அவர்.

"நீங்க கனவுல வர்றவருங்க, சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினேன். "அப்பா, பட்டறைய எனக்குக் குடுங்க. இவங்கிட்டக் குடுத்தீங்கன்னா ஆறே மாசத்துல இழுத்து மூடிப்போடுவான். வர்ற கஸ்டமரெல்லாம் 'அம்மணி இருக்குதுங்களா'ன்னுதான கேக்கறாங்க?"

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மண்டபம் முழுக்க என் குரல்தான். எனக்கோ தாங்காத சந்தோஷம், கனவில் முதல் தடவையாகச் சத்தம் வந்திருக்கிறது. சரி, வந்தது வந்தோம், பறந்தும் பார்த்துவிடலாம் என்று மேடையிலிருந்து குதித்தேன்.

நேராகச் சீர்த்தட்டுகளுக்கு நடுவில் போய் விழுந்தேன். கணுக்காலில் உயிர் போகிற வலி. கனவில் இப்படி வலிக்காதே என்று தோன்றிய பிறகுதான் இது கனவில்லை என்று உறைத்தது. மடியில் ஒரு தேங்காய் கிடந்தது. அப்பா முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லாமல் அந்தத் தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிதான் முதலில் இறங்கி வந்தான். "அப்பா, அக்கா சொல்றது நெசந்தானுங்க. எனக்குக் கரண்டுன்னாலே பயமுங்க. இத்தன நாளா உங்ககிட்டச் சொல்ல வாய் வரலீங்க" என்றான். பாவம், அவனுக்கும் அதே கனவு வந்துகொண்டிருந்ததோ என்னவோ.

அப்பா மேடையிலிருந்து இறங்கி வந்தார். என்னைத் தூக்கி நிறுத்தி, "கூடையப் புடி அம்மணி, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்றார். நொண்டிக்கொண்டே சீரை முடித்தேன்.

இப்போதும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "அக்கா, போர்டைப் பாத்துட்டியா?" என்று தம்பி ஆரம்பித்துவிடுவான். என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தி வைப்பார், நான் குதித்துவிடுவேனாம். சொல்லிக்கொள்ளட்டும். கேட்டது நான், கிடைத்ததும் எனக்கு.

கால் சரியாகிப் பட்டறைக்குப் போன அன்று வாசலில் புதுப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. அதில் என் பெயர். படித்தேன். ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். மறுபடி படித்தேன்.

உள்ளேயிருந்து அப்பா குரல் வந்தது: "எத்தன தடவ பாத்தாலும் அதேதான் அம்மணி. உள்ள வா, மூணு மோட்டார் கெடக்குது."