சோலைச் சுற்றும் சின்னராஜின் சபதமும்

சோலைக்குள் இரண்டாவது வளைவு திரும்பியதும் சின்னராஜ் சட்டென்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூடியும் பயனில்லை. எதிரே வந்த சிவப்புக் குரங்குத் தொப்பி அதற்குள் கண்ணில் விழுந்துவிட்டது. தலைச்சோலை ஊர் முழுக்கத் தேடினாலும் அந்தத் தொப்பி ஒரே ஒரு தலையில்தான் இருக்கும்.

"காலங்காத்தால எதெல்லாம் எதுக்க வருது பாரு!" என்று பக்கத்திலிருந்த செண்பக மரத்திடம் முறையிட்டார்.

எதிரே வந்த பெரியசாமியும் சும்மா இருக்கவில்லை. காறித் துப்பினார். அதுவும் மரத்தின் பக்கமாகத்தான்.

பாதையோ ஒற்றையடி. ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் சரிவு. யார் ஒதுங்குவது? ஒதுங்கியவன் தோற்றவன் ஆகிவிட மாட்டானா? இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆளுக்கொரு கொடியைப் பிடித்து, நண்டு நகர்வதைப் போலப் பக்கவாட்டில் உரசிக் கடந்தார்கள். அப்பாடா என்று நாலு எட்டு வைத்த பிறகுதான் சின்னராஜுக்கு ஒன்று உறைத்தது. இது வட்டப் பாதை. சோலையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் பாதை. எதிர்ப்பக்கமாகப் போகிறவன் அடுத்த சுற்றிலும் எதிரேதான் வருவான்.

வந்தான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னராஜ் வீடு வந்து சேர்ந்தபோது மூச்சு இரைத்தது. துண்டை உதறிய உதறலில் வாசலில் மேய்ந்த கோழி பறந்து ஓடியது.

"ஏனுங்க, இத்தன சீக்கிரமா வந்துட்டீங்க?" என்று மனைவி சின்னத்தாயி எட்டிப் பார்த்தாள். "தெனமும் போனா வெயிலேறித்தானே வருவீங்க?"

"சீக்கிரம் வராம? நின்னு அவன் மூஞ்சிய ரசிச்சிட்டு வரச் சொல்றயா?"

"ஆரு மூஞ்சியங்க?"

"ஆரு மூஞ்சியவா! அந்தப் பலாப்பழத் திருடன் மூஞ்சிய!"

விஷயம் இதுதான். சின்னராஜின் காப்பித் தோட்டத்துக்கும் பெரியசாமியின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு பலாமரம். வேர் சின்னராஜின் மண்ணில். கிளை ஒன்று வேலி தாண்டிப் பெரியசாமி பக்கம் நீண்டு, அங்கே போய்க் காய்த்துத் தொலைத்தது. பெரியசாமி அறுத்தார். அதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பார் சின்னராஜ். மனுஷன் சுளையை ஒரு தட்டில் வைத்து, "எங்க பழமுங்க, தின்னு பாருங்க, தேனாட்ட இருக்குது" என்று சின்னராஜ் வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. அன்றைக்குத் தெருவில் நின்று, "இனி ஜென்மத்துக்கும் உன்ற மூஞ்சியில முழிக்க மாட்டேன். முழிச்சா இந்த மீசைய எடுத்துடறேன்" என்று சின்னராஜ் சபதம் போட்டார். பெரியசாமிக்கும் மீசை இருந்தது. அவரும் போட்டார். சின்னத்தாயியும் பெரியசாமியின் மனைவி மேனகாவும் பேசிக்கொள்ளக் கூடாது என்று அன்றே இரண்டு பக்கமும் உத்தரவு பிறந்தது.

அப்படிப்பட்டவன் போக்கிடமே இல்லாத மாதிரி இந்தச் சோலைக்குத்தானா வர வேண்டும்?

சின்னராஜாலோ சோலையை விட முடியாது. அவருக்குச் சர்க்கரை. தார் ரோட்டில் நடந்தால் ஏற்காடு பார்க்க வருகிற கார்க்காரர்கள் ஆளைச் சரிவில் தள்ளிவிட்டுத்தான் போவார்கள். மேடும் பள்ளமும் இல்லாமல் காலுக்கு வாகாக இருப்பது இந்தச் சோலைச் சுற்று ஒன்றுதான். இதற்கு முந்தின மாதமெல்லாம் இங்கேதான் நடந்தார். நடந்தார் என்றால், மாப்பிள்ளை ஊர்வலம்தான். மரத்துக்கு மரம் நின்று, பாறைக்குப் பாறை உட்கார்ந்து, முடிவில் பாதை முனையிலிருக்கும் வெள்ளையன் டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, கூடவே ஒரு பன். சர்க்கரை இம்மியும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: அடுத்த பரிசோதனையில் இறங்காவிட்டால் தினமும் வயிற்றில் ஊசி.

ஊசி! காட்டுமாட்டை விறகுக் கட்டையோடு எதிர்த்து நின்ற சின்னராஜ், தடுப்பூசி போட வந்தவர்களைக் கண்டு அட்டாலிப் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டவர். அதனால் நடந்தே ஆக வேண்டும். நடக்கிற இடத்தில்தான் இந்தச் சனியன்.

"அதுலயும் அவன் எப்படிச் சுத்தறான் தெரியுமா? இடமாச் சுத்தறான்!" என்று சின்னராஜ் கொதித்தார். "சோலை நடுவுல மேட்டு மேல முனியப்பன் கல்லு நிக்குது. சாமிய நடுவுல வெச்சு மனுசன் வலமா வருவானா, இடமா வருவானா? எளவு ஊட்ல பொணத்தச் சுத்தறாப்பல சுத்தறான்!"

"அப்ப நாளைக்கு நீங்க எந்தப் பக்கமாப் போறீங்க?"

"அதென்னத்துக்கு உனக்கு?"

"காட்டுமாடு கீது முட்டிப் போட்டா எந்தப் பக்கம் வந்து தேடறதுன்னு தெரிய வேண்டாமுங்களா?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. சின்னராஜ் யோசித்தார். எதிரெதிராகப் போனால்தானே சந்திக்க வேண்டும்? இரண்டு பேரும் ஒரே பக்கமாகப் போனால் ஒருவன் மூஞ்சியை ஒருவன் பார்க்கவே வேண்டாம்.

"நானும் இடமாவே போறேன். முனியப்பனுக்கு ஒரு சூடம் ஏத்திக் கன்னத்துல போட்டுக்கறேன்" என்றார். சின்னத்தாயி தலையாட்டிவிட்டு, வெளிச்சத்துக்குச் செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லையில் கோழிக் கூண்டுக்குள் முட்டை தேடப் போனாள்.

மறுநாள் சூடம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு இடமாகப் புறப்பட்டார். பாதி தூரம்கூடப் போகவில்லை. எதிரே சிவப்புத் தொப்பி. பெரியசாமி அன்றைக்குப் பார்த்து வலமாக வந்துகொண்டிருந்தார்! நெற்றியில் திருநீறு வேறு.

சின்னராஜுக்கு உச்சந்தலை சூடேறிவிட்டது. நேற்று சாமிக்கு விரோதமாகச் சுற்றியவன், இன்றைக்குத்தான் திருந்த வேண்டுமா? இப்போது யார் யோக்கியன், யார் சாமி குத்தம் செய்கிறவன்? துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விறுவிறுவென்று கடந்தார். அந்தக் கோபத்தில் உட்காரும் பாறை எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

பாதை முனையில் வெள்ளையன் வேறு கேட்டான். "ஏனுங்கண்ணா, இடமாச் சுத்தறீங்க? ஊட்ல ஏதாச்சும் துக்கமுங்களா?"

"இருக்குது! உன்ற வாயிதான் துக்கம்!"

அன்று மாலை புதுத் திட்டம் தயாரானது. பொழுது விடிகிறபோதே போய்விடுவது. பெரியசாமி எழுந்து தொப்பியைத் தேடுவதற்குள் சுற்றி முடித்துவிடலாம். "வலமாத்தான் போவேன். யாருக்காவும் சாமிய மாத்த முடியாது" என்று மனைவியிடம் உறுதியாகச் சொன்னார்.

விடியலில் சோலை முழுக்கப் பனிமூட்டம். சின்னராஜ் நிம்மதியாக நாலு எட்டு வைத்திருப்பார். முன்னால் ஓர் இருமல். பனிக்குள் ஒரு முதுகு, அதன் மேல் சிவப்பாக ஒரு தொப்பி. அதே திசை.

மூஞ்சியைப் பார்ப்பதுதானே சபதத்தில் வருகிறது, முதுகு வராதே என்று முதலில் சமாதானம் செய்துகொண்டார். ஆனால் ஒருவன் பின்னால் நடப்பதென்றால் அவனுக்கு ஊழியக்காரன் என்றல்லவா அர்த்தம்? முந்த வேண்டும். சின்னராஜ் எட்டி நடந்தார். செருப்புச் சத்தம் கேட்ட பெரியசாமியும் எட்டி நடந்தார். இவர் ஓட்டமும் நடையுமாகப் போனால் அவர் நடையும் ஓட்டமுமாகப் போனார். ஒரு சுற்று ஆயிற்று, நிற்கவில்லை. இன்னொரு சுற்று. பனிக்குள் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்பது முனியப்பனுக்கே விளங்கியிருக்காது. கடைசியில் சின்னராஜ் திரும்பிப் பார்த்தால் தொப்பி பின்னால் வந்துகொண்டிருந்தது. முந்திவிட்டோமா, அல்லது அவன் ஒரு சுற்றுக் கூடப் போய்ப் பின்னால் வந்து முட்டுகிறானா? இதை யாரிடம் கேட்பது? கேட்க ஆளில்லாத ஆத்திரத்தில் இன்னொரு சுற்று ஓடினார்.

வீட்டுக்கு வந்து ஒரு குடம் தண்ணீர் குடித்தார்.

"இதுல சூது இருக்குது சின்னத்தாயி. நான் போற நேரம் அவனுக்கு எப்படித் தெரியுது? வெள்ளையன்தான் சொல்றான். துக்கமான்னு கேட்டப்பவே நெனச்சேன். இனி அவன் கடை டீ நாக்குல படாது. பன்னும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

"ஆமாமுங்க. அந்த வெள்ளையன் நொம்ப மோசமுங்க" என்று சின்னத்தாயி உடனே ஒத்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சட்டென்று எதையும் ஒத்துக்கொண்டதில்லை. சின்னராஜுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

காலையை விட்டு மாலைக்கு மாறினார். மனைவியைத் தவிர ஈ காக்காய்க்குத் தெரியாது. மாலையிலும் தொப்பி வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றினார். தொப்பியும் அந்த நாளில்தான் வந்தது. வேண்டுமென்றே வம்புக்கு வருகிறான் என்பதில் சின்னராஜுக்கு இனி சந்தேகமே இல்லை. கோபத்தில் சோறு இறங்கவில்லை. இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்கிற பழக்கமே மறந்துபோயிற்று. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவுவதற்குக்கூடப் பெரியசாமிதான் காரணம் என்று திட்டினார்.

கடைசியில் அரிவாளை எடுத்தார்.

பயப்பட வேண்டாம், முள் வெட்டத்தான். பாதை குறுகும் இடமாகப் பார்த்து, ஆளுயரத்துக்கு முள்ளை வெட்டிக் குறுக்கே அடைத்தார். "இப்ப வாடா பாக்கலாம்" என்று கையைத் தட்டிவிட்டு வலமாக நடையைக் கட்டினார். வெகு நாளைக்குப் பிறகு மனம் குளிர்ந்தது. மலை அணில் ஒன்று கத்தியதைக் கூட நின்று ரசித்தார். அப்படியே சுற்றி வந்தவர் முன்னால் ஆளுயரத்துக்கு முள் நின்றது.

வட்டப் பாதையில் வேலி போட்டவன் வேலிக்கு மறுபக்கமும் தானேதான் வந்து நிற்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. போதாததற்கு முள்ளுக்கு அந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி நின்றுகொண்டிருந்தது.

இரண்டு பேரும் மேட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

"முனியப்பா," என்றார் பெரியசாமி, மேலேயிருந்த கல்லைப் பார்த்து. "போற வழியில எந்தக் கூறுகெட்டவனோ முள்ளப் போட்டிருக்கறான். நீதான் கேக்கோணும்."

"முனியப்பா," என்றார் சின்னராஜ். "அடுத்தவன் மரத்துப் பழத்த அறுத்துத் தின்னவனெல்லாம் உன்கிட்ட நாயம் கேக்கறான். அதையும் நீதான் கேக்கோணும்."

"கொப்பு என்ற காட்டுக்குள்ள வந்துச்சுன்னு சொல்லு சாமி!"

"வேரு எங்க இருக்குதுன்னு கேளு சாமி!"

முள்ளை எடுக்காமல் வந்த வழியே திரும்பினால் சின்னராஜ் தோற்றவன் ஆகிவிட மாட்டாரா? எடுத்தார். கை கிழிய, கால் கிழிய, அட்டை கடிக்க, அவர் ஒவ்வொரு கிளையாக இழுத்துப் போடுவதைப் பெரியசாமி மேட்டைப் பார்த்துக்கொண்டே பார்த்தார். அந்த அவமானத்தில் சின்னராஜ் அன்றைக்கு மூன்று சுற்றுப் போனார்.

பரிசோதனை நாள் வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் சின்னராஜ் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிம்மதியாக ஒருநாள் நடந்திருந்தால் போயிருக்கும் சர்க்கரை. நடக்க விட்டானா? இனி சாகும்வரை வயிற்றில் ஊசி. ஊசி ஏறும் ஒவ்வொரு நாளும் பெரியசாமி பெயரைச் சொல்லித்தான் ஏற வேண்டும்.

நர்ஸ் ஷெர்லின் சீட்டோடு வெளியே வந்தாள். வாழவந்தி ஊர்ப் பெண். சிரித்த முகம்.

"ஏனுங்கையா, என்ன மாயம் பண்ணுனீங்க? சர்க்கரை நல்லா எறங்கிப் போச்சுங்க. ஊசியே வேண்டாம்னுட்டாரு டாக்டர். இப்படியே நடந்துட்டிருந்தாப் போதுமுங்களாம்."

சின்னராஜ் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பக்கத்திலிருந்த சின்னத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் சந்தோஷம் அவருக்கு அதிக நேரம் தங்கவில்லை. கோபம் திரும்பி வந்துவிட்டது.

"அந்தப் பெரியசாமி குறுக்க வராம இருந்திருந்தா இன்னும் எறங்கியிருக்கும் கண்ணு! ஒருநா நிம்மதியா நடக்க உட்டானா படுபாவி? போதும். நாளையிலிருந்து நான் ஏரிப் பக்கமாப் போயி நடக்கறேன். அந்தச் சோலைக்கே ஒரு முழுக்கு!"

ஷெர்லினின் சிரிப்பு நின்றுவிட்டது. சின்னத்தாயியைப் பார்த்தாள். சின்னத்தாயி கண்ணைக் காட்டி, உதட்டில் விரல் வைத்து, என்னென்னவோ ஜாடை செய்தாள். பதற்றத்தில் ஷெர்லினுக்கு ஒன்றும் ஏறவில்லை.

"ஐயோ, அப்படி மட்டும் பண்ணிராதீங்கையா! உங்களுக்குத்தான் எறங்கிருச்சு, பெரியசாமி ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் எறங்கோணுமுங்க. நாளைக்கு நீங்க எந்தப் பக்கமாப் போறீங்கன்னு சின்னத்தாயிக்கா இன்னும் சொல்லலைன்னு, அவரு ஊட்டு மேனகாக்கா வெளிய காத்துட்டிருக்கறாங்க!"